ஹீட் பம்ப் ஓடுகிறது, வெந்நீர் மட்டும் வரவில்லை: எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

காலை ஐந்தரை மணிக்கு போன் அடித்தால் எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும், ஏதோ ஒரு விடுதியில் வெந்நீர் வரவில்லை. வார்டன்கள் சொல்வதும் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: "கேஸ் போயிருச்சு போல, கொஞ்சம் வந்து அடிச்சுவிட்டுட்டுப் போங்க." கோயம்புத்தூரைச் சுற்றி ஹாஸ்டல், லாட்ஜ், சின்ன மருத்துவமனை என்று ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர்களோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரும்பாலான சமயம் கேஸ் எங்கேயும் போயிருக்காது. தண்ணீர் ஓட்டத்திலோ காற்றோட்டத்திலோதான் கோளாறு இருக்கும். அதைப் பார்க்க கேஜ் (கேஸ் அழுத்தம் காட்டும் மீட்டர்) வேண்டாம், கையும் ஒரு தெர்மாமீட்டரும் போதும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் பிறகு சொல்வது எதுவும் பிடிபடாது. கெய்ஸர் மின்சாரத்தை எரித்து வெப்பம் உண்டாக்குகிறது. ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை, மொட்டை மாடிக் காற்றில் ஏற்கெனவே இருக்கிற வெப்பத்தை அள்ளித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. வீட்டு ஃபிரிட்ஜின் பின்பக்கம் சூடாக இருக்கிறதே, அதே சங்கதி. ஃபேன் காற்றை இழுத்து எவாப்பரேட்டர் காயில் வழியாக விடும், காயிலுக்குள் இருக்கும் கேஸ் அந்த வெப்பத்தில் கொதித்து ஆவியாகும் (இந்த மெஷின்களில் வரும் ஆர்-134ஏ என்ற கேஸ் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும், நம் ஊர்க் காற்று அதற்கு அடுப்பு மாதிரி). அந்த ஆவியைக் கம்ப்ரஸர் இறுக்கி அழுத்தும்போது அது கை வைக்க முடியாத சூட்டுக்குப் போகும். அப்புறம் அது ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் வந்து தண்ணீருக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரவமாகும், எக்ஸ்பான்ஷன் வால்வில் அழுத்தம் விழுந்து சில்லென்று ஆகி மறுபடியும் காயிலுக்கு வரும். நான்கு உறுப்புகள், ஒரு வட்டம். இதில் கேஸ் செலவாவதே இல்லை. "வருஷத்துக்கு ஒரு தடவை கேஸ் ஃபில் பண்ணணும்" என்று யாராவது சொன்னால், ஒன்று அவருக்கு வேலை தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று அவருக்குத் தெரியும்.

ஒரு கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரைக்கும் உதவும். லிட்டரை ஏற வேண்டிய டிகிரியால் பெருக்கி 860 ஆல் வகுத்தால், தேவையான வெப்பம் யூனிட்டில் கிடைக்கும். 1000 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 55க்குக் கொண்டுபோக ஏறக்குறைய 35 யூனிட். கெய்ஸரில் அந்த 35 யூனிட்டுக்கும் ஈபிக்குப் பணம் கட்ட வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்றரை யூனிட் வெப்பம் தருகிறது என்று வைத்துக்கொண்டால், பத்து யூனிட்டில் வேலை முடிந்துவிடும்.

கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் முன் ஒரு விஷயம். மூடியைக் கழற்றுவதாக இருந்தால் மெயினை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள், கெப்பாசிட்டர் அணைத்த பிறகும் மின்னூட்டம் வைத்திருக்கும். கேஸ் பைப்பில் எதையும் கழற்ற வேண்டாம், அது மெக்கானிக் வேலை. புதிய மெஷின்களில் வரும் ஆர்-32, ஆர்-290 இரண்டும் தீப்பிடிக்கக் கூடியவை. ஆர்-290 என்பது வேறொன்றும் இல்லை, புரொப்பேன்தான்.

மெஷின் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் சூடாக வெகுநேரம் ஆகிறது

அதிகமாக வரும் புகார் இதுதான், அதிகமாகக் குழப்புவதும் இதுதான். உண்மையிலேயே மெதுவாகத்தான் ஏறுகிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். 12 கிலோவாட் வெப்பம் தரும் மெஷின், 1000 லிட்டர் டேங்க் என்றால், யாரும் தண்ணீர் திறக்காத ஒரு மணி நேரத்தில் சுமார் பத்து டிகிரி ஏற வேண்டும். ஏறுகிறது என்றால் மெஷின் சரி, உபயோகம்தான் கூடிவிட்டது. அறுபது பேருக்குப் போட்ட மெஷினில் தொண்ணூறு பேர் குளித்தால் எந்த கேஸ் அடித்தும் பிரயோஜனம் இல்லை.

மூன்று நான்கு டிகிரிதான் ஏறுகிறது என்றால், மெஷினுக்குள் தண்ணீர் போகும் பைப், வெளியே வரும் பைப் இரண்டிலும் சூட்டை அளந்து பாருங்கள். தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும் வகை மெஷின்களில் இரண்டுக்கும் சுமார் ஐந்து டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். இந்த ஒரே எண் பாதி வேலையை முடித்துவிடும்.

வித்தியாசம் பத்து, பன்னிரண்டு என்று கூடுதலாக இருந்தால் மெஷின் சூடு கொடுக்கிறது, எடுத்துக்கொண்டு போகத் தண்ணீர்தான் இல்லை. 12 கிலோவாட்டுக்கு ஐந்து டிகிரி வித்தியாசம் வர மணிக்கு 2000 லிட்டர் ஓட வேண்டும், சும்மா கசிந்தால் போதாது. பம்புக்கு முன்னால் குப்பையைப் பிடிக்க வைத்திருக்கும் ஒய்-ஸ்ட்ரெய்னர் என்ற வடிகட்டியைக் கழற்றுங்கள். அதைப் போட்ட நாளிலிருந்து திறக்காத இடங்களே அதிகம். ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் கழற்றியபோது ஜல்லடைக்குள் பிளம்பர் விட்டுப்போன டெஃப்லான் டேப் சுருளும் பிவிசி துருவலும் டேங்க் அடியில் இருந்து வந்த மண்ணும் சேர்ந்து, காபி வடிகட்டியில் தங்கிய தூள் மாதிரி கெட்டியாக உட்கார்ந்திருந்தது. கழுவிப் போட்டதும் பத்து நிமிடத்தில் வித்தியாசம் ஐந்துக்கு வந்துவிட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் அங்கே ஒருவர் வந்து கேஸ் "டாப் அப்" செய்து பணம் வாங்கிப் போயிருந்தார்.

வித்தியாசம் ஒன்று இரண்டு டிகிரிதான் என்றால் தண்ணீர் ஓடுகிறது, சூடு கிடைக்கவில்லை. இப்போது காற்றுப் பக்கம் போங்கள். ஃபேன் முன்னால் கையை நீட்டினால் வெளிக்காற்றைவிடத் தெளிவாகக் குளிர்ந்த காற்று வர வேண்டும். காற்று பலவீனமாக வந்தால் காயிலைப் பாருங்கள். ஆடிக் காற்று அடித்து ஓய்ந்த பிறகு புழுதியும் சருகும், மில் பக்கமாக இருந்தால் பஞ்சும், காயில் மேல் கம்பளி போர்த்திய மாதிரி படிந்திருக்கும். மெதுவான தண்ணீரில் உள்ளிருந்து வெளியே தள்ளுவது போலக் கழுவ வேண்டும். வாட்டர் வாஷ் பம்ப்பை வைத்து அடிக்காதீர்கள், அலுமினியத் தகடுகள் எல்லாம் படுத்துவிடும், பிறகு சீப்பு போட்டு நிமிர்த்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

காயில் சுத்தமாக இருந்தும் காற்று ஜில்லென்று இருக்கிறது, மெஷின் திணறுகிறது என்றால் மெஷின் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு எட்டு தள்ளி நின்று பாருங்கள். மழை படாமல் இருக்கட்டும் என்று தகர ஷெட் போட்டு மூன்று பக்கமும் மூடியிருப்பார்கள். மெஷின் தான் விட்ட குளிர்க்காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும். அள்ளுவதற்கு அந்தக் காற்றில் வெப்பம் ஏது? நல்ல எண்ணத்தில் செய்த வேலைதான், ஆனால் மழையில் நனைவதற்காகவே செய்த மெஷின் அது. தகரத்தைப் பிரித்துவிடுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து இன்னும் சூடு ஏறவில்லை என்றால்தான் கேஸ் சந்தேகம். கிளாம்ப் மீட்டர் (ஒயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் காட்டும் மீட்டர்) போட்டால் கம்ப்ரஸர் எடுக்கும் ஆம்பியர், பெயர்ப்பலகையில் எழுதியிருப்பதைவிடக் கணிசமாகக் குறைந்திருக்கும். பைப் ஜாயின்ட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிகிறதா பாருங்கள், கேஸ் கசியும் இடத்தில் கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்து வரும், அதில் புழுதி ஒட்டிக் கறுப்பாக இருக்கும். சோப்பு நுரை வைத்தால் குமிழி வரும். மெஷினை நிறுத்திவிட்டு கேஜ் மாட்டி "பிரஷர் இருக்கு, கேஸ் ஓகே" என்று சொல்பவரை மட்டும் நம்பாதீர்கள். 30 டிகிரி வெயிலில் நிற்கிற ஆர்-134ஏ மெஷினில், உள்ளே கொஞ்சமாவது திரவம் மிச்சமிருக்கும்வரை கேஜ் ஏறக்குறைய 97 பிஎஸ்ஐதான் காட்டும், முழுதாக இருந்தாலும் அதேதான், கால்வாசி இருந்தாலும் அதேதான். ஓடும்போது பார்க்க வேண்டும். கசிவைக் கண்டுபிடித்து, அடைத்து, நைட்ரஜன் ஏற்றிச் சோதித்து, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி வாக்குவம் போட்டு, பெயர்ப்பலகையில் உள்ள எடைக்குத் தராசு வைத்து நிரப்ப வேண்டும். இந்த வரிசையில் ஒன்றைத் தாண்டினாலும் மூன்று மாதத்தில் அதே போன் மறுபடியும் வரும்.

ஓடிக்கொண்டே இருந்து ஹை பிரஷர் எரர் காட்டி நின்றுவிடுகிறது

எரர் நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், மூடிக்குள் ஒட்டியிருக்கும் அட்டவணையைப் பாருங்கள். விஷயம் ஒன்றுதான். கம்ப்ரஸர் சூட்டைக் கொண்டுவந்து கொட்டுகிறது, தண்ணீர் அதை வாங்கிக்கொள்ளவில்லை, அழுத்தம் ஏறிக்கொண்டே போய் ஸ்விட்ச் வெட்டிவிடுகிறது. ரீசெட் பண்ணிப் பண்ணி ஓட்டாதீர்கள். அந்த ஸ்விட்ச்தான் கம்ப்ரஸரின் உயிர். அதை ஒயர் போட்டு ஷார்ட் செய்து ஓட்டிய ஒரு "எலக்ட்ரீஷியன்" வேலையையும் நான் பார்த்திருக்கிறேன், கம்ப்ரஸர் அடுத்த வாரம் போய்விட்டது.

மேல்நிலைத் தொட்டி காலியாகி மறுபடி நிறைந்த நாள் என்றால் பம்பில் காற்று அடைத்திருக்கும். மோட்டார் சுற்றும், தண்ணீர் நகராது. பம்பில் காற்று வெளியேற்றும் ஸ்குரூ இருக்கும், சற்றுத் தளர்த்தினால் புஸ்ஸென்று காற்று வந்து பிறகு தண்ணீர் வரும்.

அது இல்லை என்றால், உப்பு. சிறுவாணித் தண்ணீர் வரும் இடத்தில் இந்தப் பிரச்சினை அநேகமாக வராது. ஆனால் எந்த ஹாஸ்டலுக்குச் சிறுவாணி போதும்? போர்த் தண்ணீர்தான் ஓடும், அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சூடு பட்ட இடத்தில் கெட்டியாகப் படியும். பிளேட் வகை ஹீட் எக்ஸ்சேஞ்சரில் தகடுகளுக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளிதான், அதில் சுவர் எழும்பிவிட்டால் தண்ணீரும் போகாது, சூடும் கடக்காது. சிட்ரிக் ஆசிட்டை ஐந்து சதவீத அளவில் கரைத்து, ஒரு பக்கெட், சின்ன பம்ப், இரண்டு ஓஸ் வைத்து ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாக மட்டும் ஒன்று இரண்டு மணி நேரம் சுற்றவிடுங்கள். திரும்பி வரும் ஓஸில் சோடா மாதிரி நுரைத்து வரும், நுரை நின்றால் உப்பு கரைந்தது என்று அர்த்தம். அப்புறம் நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். அது ஹைட்ரோகுளோரிக், உப்போடு சேர்த்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் ஊசி ஊசியாக அரித்துவிடும், பிறகு தண்ணீர் கேஸுக்குள் போய் மெஷினே முடிந்துவிடும்.

செட்டிங்கை 65 வைத்திருந்தால் 55க்குக் குறையுங்கள், சூடு கூடக் கூட உப்புப் படிவதும் கூடும், கம்ப்ரஸரும் மூச்சு வாங்கும். அதற்காக 45க்கு இறக்கி அப்படியே வருடக்கணக்கில் ஓட்டவும் வேண்டாம், வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா வளரும். வாரத்துக்கு ஒரு முறை 60 டிகிரிக்கு மேல் ஏற்றிவிடும் வசதி நிறைய மெஷின்களில் இருக்கிறது, அதை ஆன் செய்துகொள்ளுங்கள்.

டேங்க்கில் 55 காட்டுகிறது, பாத்ரூமில் தண்ணீர் பச்சையாக வருகிறது

இதற்கும் ஹீட் பம்ப்புக்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் திட்டு வாங்குவது ஹீட் பம்ப்தான். எங்கோ ஒரு பாத்ரூமில் பச்சைத் தண்ணீர் லைன் வெந்நீர் லைனுக்குள் கடந்து வந்துகொண்டிருக்கிறது. மிக்ஸரில் இரண்டு குமிழையும் திறந்து வைத்துவிட்டு, நுனியில் இருக்கும் ஹேண்ட் ஷவரின் பட்டனை மட்டும் விட்டுவிட்டுப் போனால் இது நடக்கும். வெளியே போக வழியில்லாத பச்சைத் தண்ணீர், அழுத்தம் கூடுதல் என்றால், மிக்ஸர் வழியாகவே வெந்நீர் பைப்புக்குள் புகுந்துவிடும்.

கண்டுபிடிப்பது சுலபம். வெந்நீர் டேங்க்குக்குத் தண்ணீர் வரும் வால்வை முழுதாக மூடுங்கள், டேங்க்கிலிருந்து வெந்நீர் வெளியே போகும் வால்வையும் மூடுங்கள். ஏதாவது ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து இரண்டு நிமிடம் காத்திருங்கள், பைப்பில் நின்ற தண்ணீர் வடிந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் அது பச்சைத் தண்ணீர், எங்கோ கடந்து வருகிறது. அப்புறம் மாடி மாடியாக வால்வை மூடிக்கொண்டு வர வேண்டியதுதான். ஒரு முறை நாலு மாடி ஏறி இறங்கி, மூன்றாவது மாடியில் ஒரு அறையில் பிடித்தேன், பக்கெட் பிடிப்பதற்காகப் பையன் சொந்தமாக ஒரு ஹேண்ட் ஷவர் வாங்கி மாட்டியிருந்தான். நாற்பது பேர் ஒரு வாரம் குளிர்ந்த தண்ணீரில் குளித்ததற்கு அந்த ஷவர்தான் காரணம் என்று சொன்னபோது அவன் நம்பவே இல்லை. நிரந்தரத் தீர்வு என்றால் மிக்ஸரின் இரண்டு பக்கமும் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு) போடுவது.

ஈபி கரண்ட் போய் வந்த பிறகு ஓடவே இல்லை, அல்லது வினோதமாகச் சத்தம் போடுகிறது

மூன்று பேஸ் மெஷின்களில் ஸ்குரோல் கம்ப்ரஸர் இருக்கும், அதற்குச் சுற்றும் திசை முக்கியம். ட்ரான்ஸ்ஃபார்மரிலோ கம்பத்திலோ வேலை பார்த்து இரண்டு ஒயர் இடம் மாறி இணைக்கப்பட்டால் பேஸ் வரிசை மாறிவிடும், கம்ப்ரஸர் பின்பக்கமாகச் சுற்றும். கடகடவென்று சத்தம் வரும், ஆம்பியர் குறைவாகக் காட்டும், பைப் எதுவும் சூடாகாது. உடனே நிறுத்துங்கள். பேஸ் வரிசையைப் பார்க்கும் ரிலே இருக்கும் மெஷின் ஓடவே மறுத்துவிடும், அது கோளாறு இல்லை, உங்கள் பணத்தைக் காப்பாற்றுகிறது. அதே கட்டடத்தில் தண்ணீர் மோட்டாரும் தலைகீழாகச் சுற்றி மேலே தண்ணீர் ஏற்றவில்லை என்றால் சந்தேகமே வேண்டாம். எலக்ட்ரீஷியனை வைத்து மெயினில் இரண்டு பேஸை மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

வரிசை சரி, கரண்ட் இருக்கிறது, "டக்" என்ற சத்தம் மட்டும் வருகிறது என்றால் கான்டாக்டரைப் (கம்ப்ரஸருக்கு மின்சாரத்தை இணைத்து விடும் காந்த ஸ்விட்ச்) பாருங்கள். எறும்பு கூட்டமாக உள்ளே போய் பாயின்ட்டுகளுக்கு நடுவில் நசுங்கிக் கரியாகி, இரும்பு ஒட்டியும் மின்சாரம் கடக்காமல் நிற்கும். சிங்கிள் பேஸ் மெஷினில் "ம்ம்ம்" என்று முனகிவிட்டு நின்றால் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர், மேல்பக்கம் உப்பியிருக்கும்.

காயில் மேல் ஐஸ் கட்டியிருக்கிறது

கோவையில் ஐஸ் பார்த்தால் அது நோய்தான். காற்று வராமல் அடைத்திருக்கும், ஃபேன் நின்றிருக்கும், அல்லது உண்மையிலேயே கேஸ் குறைந்திருக்கும். கேஸ் குறைந்தால் காயிலின் ஒரு ஓரத்தில் மட்டும் ஐஸ் இருக்கும், மீதிப் பகுதி உலர்ந்து கிடக்கும்.

ஊட்டியில் கதை வேறு. டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் புல்வெளியில் உறைபனி படியும் ஊர் அது. காயில் எப்போதும் காற்றைவிடச் சில டிகிரி கூடுதல் குளிரில்தான் ஓடும் என்பதால், வெளியே ஐந்து டிகிரி இருந்தாலே காயில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். மெல்லிசாக வெள்ளை படிவது சகஜம். படிந்ததும் மெஷின் தானாக, கேஸ் போகும் திசையை மாற்றும் நான்குவழி வால்வைத் திருப்பி, சூடான கேஸைக் காயிலுக்கு அனுப்பி உருக்கிக்கொள்ளும். அப்போது ஃபேன் நிற்கும், புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும், மெஷின் மேலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பும். ஒரு காட்டேஜ்காரர் விடியற்காலை ஐந்து மணிக்குப் பதறிக்கொண்டு கூப்பிட்டார், "மிஷின்ல புகை வருதுங்க, தண்ணி ஊத்தட்டுமா?" ஊற்றவில்லை, நல்லவேளை.

மெல்லிய வெள்ளை இல்லாமல் கெட்டி ஐஸாகக் காயில் முழுவதும் மூடி, பல மணி நேரமாகியும் கரையவில்லை என்றால் உருக்கும் வேலை நடக்கவில்லை. காயிலில் கிளிப் போட்டு மாட்டியிருக்கும் சென்ஸார் கழன்று தொங்கும், அதற்குக் காயில் குளிர்ந்ததே தெரியாது. அல்லது நான்குவழி வால்வு சிக்கியிருக்கும். ஐஸைக் கத்தி, ஸ்குரூடிரைவர் வைத்துக் குத்தாதீர்கள், ஒரு ஓட்டை விழுந்தால் கேஸ் மொத்தமும் போய்விடும். மெஷினை அணைத்து வெயில் ஏறும்வரை விடுங்கள், அவசரம் என்றால் சாதாரணக் குழாய்த் தண்ணீர் ஊற்றுங்கள்.

மெஷின் அடியில் தண்ணீர் சொட்டுகிறது

முக்கால்வாசி இது காற்றில் இருக்கும் ஈரம். குளிர்ந்த காயிலில் பட்டுச் சொட்டுகிறது, மழைக்காலத்தில் வாளி கணக்கில்கூட வரும். உறுதி செய்ய எளிய வழி ஒன்று உண்டு: குடிதண்ணீர் மெஷின்காரர்கள் வைத்திருக்கும் பேனா மாதிரியான டிடிஎஸ் மீட்டரைச் (தண்ணீரில் கரைந்த உப்பை அளப்பது) சொட்டும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். போர்த் தண்ணீர் என்றால் ஆயிரத்துக்குப் பக்கத்தில் காட்டும். காற்றின் ஈரம் என்றால் மிகச் சின்ன எண்தான் காட்டும், அதில் உப்பு கிடையாது. மெஷின் நின்று பல மணி நேரமான பிறகும் சொட்டினால் பைப் கசிவு, பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் கரண்ட் பில் மட்டும் ஏறிவிட்டது

வெந்நீர் நன்றாக வருவதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், பில் வந்த பிறகுதான் தெரியும். பெரிய டேங்க்குகளில் அவசரத்துக்கு என்று ஒரு மின்சார ஹீட்டர் எலிமென்ட் போட்டிருப்பார்கள். அதன் கான்டாக்டர் ஒட்டிக்கொண்டுவிட்டால் ஹீட்டர் இரவு பகலாக எரியும், ஹீட் பம்ப் வேலையே இல்லாமல் சும்மா நிற்கும். வார்டனும் "மிஷின் இப்ப ரொம்ப அமைதியா ஓடுது" என்று பாராட்டுவார். கண்ட்ரோலரில் பேக்கப் ஹீட்டரை ஆஃப் செய்துவிட்டு அதன் ஒயரில் கிளாம்ப் மீட்டரை மாட்டுங்கள், அப்போதும் ஆம்பியர் காட்டினால் ஆள் மாட்டிக்கொண்டான். உடனே அதன் எம்சிபியை இறக்கிவிட்டு, புது கான்டாக்டர் போட்ட பிறகு ஏற்றுங்கள்.